கொடி கை மாறுறப்ப சிப்பாய்ங்க ஏன் வெயில்ல நிக்கிறாங்க

இலங்கை மலையகத்துல ஆமி கேம்ப் உள்ள தியத்தலாவைல குடியிருக்கிறவங்களுக்கு பேண்ட் சத்தம் ஒன்னும் புதுசு இல்ல. காலைல பனி விலகுறதுக்கு முன்னாலயே கேம்ப் பக்கம் ட்ரம் அடிச்சுப் பழகுவாங்க, அது மலையில மோதி டவுன் வரைக்கும் வரும், பஸ்சுக்கு நிக்கிறவங்க அந்தச் சத்தத்த வச்சே "என்ன, பயிற்சி முடிஞ்சு பாஸிங் அவுட்டா, இல்ல புது ஆள் யாரும் வாறாங்களா"ன்னு பேசிக்குவாங்க. எங்க பெரியப்பாவுக்கு இங்க தையல் கடை இருந்திச்சு. யூனிபோம் அளவு எடுக்கிறது, தோள் பட்டி தைக்கிறது, கொடிக்கு ஓரம் கட்டுறதுன்னு பாதி வேலை கேம்ப்ல இருந்து தான் வரும், நான் ஸ்கூல் விட்டா நேரா அங்க தான் போவேன், அதனால இந்த சமாச்சாரமெல்லாம் காதுல விழுந்து விழுந்தே வளந்தவன் நான்.

இப்ப எதுக்கு இத எழுதுறேன்னா, டிவி நியூஸ்ல எந்தத் தளபதி மாறுனாலும் வீட்டுல கேக்குறது ஒரே கேள்வி தான். ஒருத்தர் போறாரு, ஒருத்தர் வாறாரு, ஒரு கடிதம் அடிச்சா முடிஞ்சிரும், அதுக்கு எதுக்கு இவ்வளவு பேர வெயில்ல நிறுத்தி வச்சு ஆர்ப்பாட்டம்? நியாயமான கேள்வி தான். ஆனா நான் ரொம்ப நாளா இதப் பத்தி படிச்சு, கேட்டு, யோசிச்சதுல எனக்கு விளங்குனது என்னன்னா, அந்தச் சடங்க போறவருக்காகவோ வாறவருக்காகவோ நடத்துறதே இல்ல. வெயில்ல நிக்கிறாங்களே, அவங்களுக்குத் தான் அது.

மொதல்ல அமெரிக்க ஆமில எப்படி செய்றாங்கன்னு சொல்றேன், ஏன்னா இந்த விசயத்துல ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு வச்சிருக்கிறது அவங்க தான். பட்டாலியன், அதாவது சில நூறு சிப்பாய்ங்க உள்ள ஒரு படை, முழுக்க மைதானத்துல நிக்கும். நாலு பேர் முன்னுக்கு வருவாங்க. போற கமாண்டர், வாற கமாண்டர், அவங்க ரெண்டு பேருக்கும் மேல இருக்கிற பெரிய அதிகாரி, அப்புறம் அந்தப் படையோட கமாண்ட் சார்ஜன் மேஜர். சார்ஜன் மேஜர்ங்கிறவரு ஆபீசர் கிடையாது, சாதா சிப்பாயா சேந்து படிப்படியா ஏறி வந்த மூத்தவரு, கொடிக்குக் காவல் அவரு தான். அவரு கொடிய எடுத்து போற கமாண்டர் கையில குடுப்பாரு. போறவரு அத மேலதிகாரிகிட்ட குடுப்பாரு. மேலதிகாரி வாங்கி, புது கமாண்டர் கையில குடுப்பாரு. புது கமாண்டர் அத ஒரேயடியா புடிச்சு வச்சிக்கிட்டு நிக்கிறதில்ல, திரும்ப சார்ஜன் மேஜர் கையிலயே ஒப்படைச்சிருவாரு. எல்லாமே ஒன்னு ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும்.

இதுல கவனிக்க வேண்டியது, போறவரு நேரா வாறவரு கையில குடுக்கிறதே இல்ல. ஏதோ என் காணிய உனக்கு எழுதி வைக்கிறேன்ங்கிற மாதிரி ஒருத்தர் இன்னொருத்தருக்கு குடுக்கிற சங்கதி இது கிடையாது, மேல இருந்து நம்பிக் குடுத்தது மேலயே திரும்பிப் போயி, அங்க இருந்து மறுபடி எறங்கி வருது. அதோட, சார்ஜன் மேஜர் கையில தொடங்கி சார்ஜன் மேஜர் கையிலயே வந்து முடியுது பாருங்க, எனக்கு அந்த இடம் தான் ரொம்பப் புடிக்கும். பட்டாலியன் கமாண்டர்மார் பெரும்பாலும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாறுவாங்க, சார்ஜன் மேஜரும் ஒரு நாள் மாறுவாரு தான், ஆனா சிப்பாயா தொடங்கி சிப்பாய்ங்களோடயே கெடக்கிறது அவரு தான்.

இது எங்க தொடங்குச்சுன்னு கேட்டா, அமெரிக்க ஆமி அந்த நிகழ்ச்சிக்கு அடிக்கிற தாள்கள்ல வழக்கமா ஒரு கதை போடுவாங்க. 1740ல இருந்து 1786 வரைக்கும் பிரஷ்யாவ ஆண்ட ரெண்டாம் பிரெடரிக் ராஜா காலத்துல ஒவ்வொரு படைக்கும் தனித்தனி கலர்ல, தனித்தனி அடையாளத்தோட கொடி வந்துச்சு, சிப்பாய்ங்க அந்தக் கொடிக்குத் தான் விசுவாசம் சொன்னாங்க, அதனால தளபதி மாறுறப்ப எல்லாரும் கண்ணால பாக்கிற மாதிரி கொடிய கை மாத்துனாங்க, கொடி யாரு கையில இருக்கோ அவரு பேச்சத் தான் கேக்கணும்ங்கிறதா இருந்துச்சு. இதான் அந்தக் கதை. பிரெடரிக்குக்கு முன்னாலயும் கொடி இருந்துச்சு, விசுவாசமும் இருந்துச்சு, அதனால எல்லாம் அவரு காலத்துல தான் தொடங்குச்சுன்னு நான் எடுத்துக்க மாட்டேன். ஆனா "எல்லாரும் கண்ணால பாக்கிற மாதிரி"ங்கிற அந்த ஒரு விசயத்துக்காகவே அந்தக் கதை எனக்குப் புடிக்கும்.

ஏன் கண்ணால பாக்கணும்னா, அந்தக் காலத்து சண்டைய கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. இப்ப மாதிரி ரேடியோ கிடையாது. கறுப்பு வெடிமருந்துல துவக்கு சுட்டா நாலு தடவைலயே மைதானம் முழுக்க புகை மூடிரும், பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியே தெரியாது. அந்தப் புகைக்கு மேல தெரியிற ஒரே சாமான் உயரமா தூக்கிப் புடிச்ச கொடி தான், கொடி முன்னுக்குப் போனா நாமளும் முன்னுக்கு, கொடி நின்னா நாமளும் நிக்கணும், கூட்டத்துல இருந்து பிரிஞ்சு போனா கொடியத் தேடி வரணும். லண்டன்ல வருசா வருசம் ராஜா முன்னால நடக்குதே ட்ரூப்பிங் த கலர், அதோட மூலமும் இதான், கொடிய வரிசைக்கு நடுவால மெதுவா கொண்டு போயி ஒவ்வொரு சிப்பாய்க்கும் காட்டுறது, நாளைக்கு புகையில அடையாளம் தெரியணும்ல.

அதனால தான் கொடிக்காக உயிர விட்டிருக்காங்க. 1879 ஜனவரி 22ல தென்னாபிரிக்காவுல இசாண்டில்வானாங்கிற இடத்துல அந்த மண்ணோட சூலு இனத்துப் படை பிரிட்டிஷ் படைய அடிச்சு முடிச்சப்ப, மெல்வில், கோகில்னு ரெண்டு லெப்டினன்ட்மார் 24வது ரெஜிமென்ட்டோட ராணி கொடியக் காப்பாத்தப் போயி பஃபலோ ஆத்துப் பக்கம் செத்துப் போனாங்க, கொடிய பின்னால ஆத்துல இருந்து தான் எடுத்தாங்க. அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, 1881 ஜனவரில லேங்ஸ் நெக்ல, அங்க குடியேறுன டச்சு வம்சத்து போயர்காரங்களோட நடந்த சண்டைல 58வது ரெஜிமென்ட் கொடியோட போச்சு, பிரிட்டிஷ் ரெஜிமென்ட் ஒன்னு சண்டைக்குள்ள கொடி தூக்கிட்டுப் போனது அதான் கடைசி. தூரத்துல இருந்தே குறி பாத்து சுடுற துவக்கு வந்துட்டதுக்குப் பொறகு கொடி புடிக்கிறவன நிக்க வைக்கிறது அவன சாகக் குடுக்கிற மாதிரின்னு விளங்கிப் போச்சு. சண்டைய விட்டு வெளிய வந்த கொடி மைதானத்துக்கும் சர்ச்சுக்கும் போச்சு. ரெஜிமென்ட்டோட பழைய கொடிய சர்ச்சுல தொங்க விட்டா தொங்க விட்டது தான், நூல் நூலா இத்துப் போற வரைக்கும் அங்கயே இருக்கும்.

அதே போயர்காரங்க தான், பிரிட்டிஷ்காரங்களோட நடந்த அடுத்த சண்டைல புடிபட்டு, 1900ல கைதியா எங்க ஊருக்கு வந்தாங்க. ஏறக்குறைய 5000 பேர தியத்தலாவைல தகரக் கொட்டாயி அடிச்சு வச்சிருந்தாங்க. சண்டை முடிஞ்சு ஊருக்குப் போகணும்னா பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் பண்ணணும்னு சொன்னப்ப ஏங்கல்பிரெக்ட்ங்கிற ஒருத்தர் முடியாதுன்னுட்டாரு, கடைசி வரைக்கும் ஊருக்கே போகல, இங்கயே தங்கி யால காட்டுக்கு மொதல் வார்டனா இருந்து செத்தாரு. அவரு மனசுல அவரோட கொடி கை மாறவே இல்ல போல. நான் நரிமலைப் பக்கம் நடந்து போறப்பெல்லாம் அந்த மனுசன நெனச்சுக்குவேன்.

நம்ம பழைய தமிழ் ராஜாக்கள் கிட்டயும் இது இருந்துச்சு. வில்லு, புலி, மீன்னு கொடி இருந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனா கொடிக்கு சமமா முரசும் காவல் மரமும் இருந்துச்சு, எதிரி ராஜா வந்து காவல் மரத்த வெட்டி, முரச எடுத்துட்டுப் போயிட்டான்னா தோத்ததா அர்த்தம். முரசு வைக்கிற கட்டில்ல அசதில படுத்துத் தூங்கிட்ட மோசிகீரனாருன்னு ஒரு புலவர வெட்டாம விட்டு, சேர ராஜா பெருஞ்சேரல் இரும்பொறை பக்கத்துல நின்னு விசிறி வீசுன கதை ஸ்கூல்ல எல்லாரும் படிச்சது தான். அந்தக் கதைல ராஜாவோட பெருந்தன்மைய மட்டும் சொல்லிக் குடுப்பாங்க, முரசுக் கட்டில்ல படுத்தா தலை போற அளவுக்கு குத்தம்ங்கிறத யாரும் நின்னு யோசிக்கிறதில்ல.

பெரியப்பா கடைக்கு வாறேன். ரெஜிமென்ட்டோட பெரிய கொடியெல்லாம் எங்க மாதிரி கடைக்கு வராது, அது வேற கைங்க செய்ற வேலை. எங்களுக்கு வாறது கம்பனி கொடி (ஆமில கம்பனின்னா பட்டாலியனுக்குள்ள ஒரு சின்னப் பிரிவு), விளையாட்டுப் போட்டி கொடி, ஜீப்புக்கு முன்னால கட்டுற சின்னக் கொடி. ரெண்டு பக்கமும் எழுத்து நேரா தெரியணும்னா ஒரே துணில முடியாது, ரெண்டு துணில தனித்தனியா வேலை செஞ்சு முதுகோட முதுகு வச்சு தைக்கணும், நடுவுல சுருக்கம் விழுந்துச்சோ அவ்வளவு தான், பிரிச்சுத் திரும்பத் தைக்கணும். ஓரத்துக்கு ஜரிகை குஞ்சம். கம்பு நுழையிற பக்கம் துணிய மடிச்சு உள்ளுக்கு கான்வஸ் பட்டி வச்சு மூணு ஓட்டு ஓட்டுவாரு பெரியப்பா, மிசின் ஊசி அங்க தான் ஒடையும்.

வேலைய வாங்கிட்டுப் போக ஒரு மூத்த சார்ஜன் வருவாரு, குருநாகல் பக்கத்து சிங்கள மனுசன், தமிழ் நல்லா வரும், பெரியப்பாவ "மொதலாளி"ம்பாரு, பெரியப்பா அவர "சார்ஜன் மாத்தயா"ம்பாரு, மாத்தயான்னா சிங்களத்துல ஐயா. அவரு கொடில உள்ள படத்தையோ எழுத்தையோ மொதல்ல பாக்கவே மாட்டாரு. நேரா கம்பு நுழையிற அந்த மடிப்பத் தான் புடிப்பாரு. ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சு ஒரு இழுப்பு இழுப்பாரு பாருங்க, எனக்கு பக்குன்னு இருக்கும், தையல் விட்டுருமோன்னு. ஒரு நாள் பெரியப்பா கேட்டாரு, "என்ன மாத்தயா, எங்க வேலையில நம்பிக்கை இல்லையா?" அதுக்கு அவரு, "அப்பிடி இல்ல மொதலாளி, காத்துல துணி கிழிஞ்சா கிழியட்டும், கம்புல இருந்து கழண்டு கீழ விழுந்தா அத்தன பேரும் பாப்பாங்க"ன்னாரு. அப்புறம் நிதானமா உக்காந்து டீ குடிச்சிட்டு தான் எழுத்து சரியான்னு பாப்பாரு.

அத்தன பேரும் பாப்பாங்க. அவரு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாரு, ஆனா முழு சடங்கும் அதுக்குள்ள இருக்கு.

நேவில வேற மாதிரி. அமெரிக்க நேவில கொடி கை மாத்துறத விட வாய் வார்த்தை தான் முக்கியம். போற கப்டன் தனக்கு வந்த உத்தரவ எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிப்பாரு, வாற கப்டன் தன்னோடத வாசிப்பாரு, வாசிச்சிட்டு சல்யூட் அடிச்சு "ஐ ரிலீவ் யூ, சேர்"ம்பாரு, போறவரு "ஐ ஸ்டாண்ட் ரிலீவ்ட்"ம்பாரு. முடிஞ்சுது. அந்த ரெண்டு வசனத்துக்கு நடுவுல உள்ள செக்கன் வரைக்கும் கப்பல்ல என்ன நடந்தாலும் பழையவரு தலையில, அடுத்த செக்கன்ல இருந்து புதியவரு தலையில. நடுக்கடல்ல கப்பலுக்கு ஒரு நிமிசம் கூட ஆளில்லாம இருக்க முடியாதுல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு கல்லுல மோதுனாலும் கப்டன் தூங்கிட்டிருந்தாரு, காவல்ல நின்ன சின்ன ஆபீசர் தான் ஓட்டுனாருன்னு சொல்லித் தப்ப முடியாது, பதில் சொல்ல வேண்டியது கப்டன் தான். அந்தப் பாரம் யாரு மேல இருக்குங்கிறதுல ஒரு மயிரிழை சந்தேகமும் வரக்கூடாதுன்னு தான் அவ்வளவு பேருக்கு முன்னால வாய் விட்டுச் சொல்ல வைக்கிறாங்க.

மைதானத்துல நடக்கிறது கடைசி நாள் கூத்து மட்டும் தான், அதுக்கு முன்னால நடக்கிற வேலைய யாரும் போட்டோ எடுக்கிறதில்ல. அமெரிக்க ஆமில ஒரு கம்பனி கமாண்டர் மாறுறதுன்னா, போறவரும் வாறவரும் சேந்து அந்தக் கம்பனிக்கு சொந்தமான ஒவ்வொரு சாமானையும் எண்ணணும், வழக்கமா அதுக்கு 30 நாள் குடுக்கிறாங்க. துவக்கு, ராத்திரி பாக்கிற கண்ணாடி, வாகனம், ஜெனரேட்டர், டூல் பெட்டிக்குள்ள உள்ள ஸ்பேனர் வரைக்கும், நம்பர் உள்ளதுக்கு நம்பரப் பாத்து டிக் போடணும். குறைஞ்சா காரணம் வேணும். எல்லாம் எண்ணி முடிச்சு புதியவரு கையெழுத்து வச்சாருன்னா அதுக்கப்புறம் காணாமப் போன ஒரு ஸ்பேனருக்கும் அவரு தான் பொறுப்பு, பழையவர கேக்க முடியாது. அந்த எண்ணிக்கை தான் இதுக்கு எலும்பு, பேண்ட் வாத்தியமெல்லாம் அதுக்கு மேல போத்துன சட்டைன்னு நான் சொல்வேன்.

நம்ம நாட்டுல எப்படின்னா, பிரிட்டிஷ்காரன் பழக்கம் பாதி, நம்ம மண்ணுப் பழக்கம் பாதி. இலங்கை ஆமி இப்ப உள்ள மாதிரி நிரந்தரப் படையா வந்தது 1949 ஒக்டோபர் 10ல, மொதல் தளபதி கெய்த்னஸ் பிரபு, வெள்ளக்காரர். 1955ல தான் மொதல் தடவையா நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் தளபதியானாரு. அவரு பேரு அன்டன் முத்துக்குமாரு. தமிழர். சேர் பிரான்சிஸ் ரீட்ங்கிற வெள்ளக்காரர் கிட்ட இருந்து பொறுப்ப எடுத்து 1959 கடைசி வரைக்கும் இருந்தாரு. இத இப்ப எங்க பக்கத்து சின்னப் பசங்க கிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்குறாங்க, "சும்மா சொல்லாதீங்கண்ணே"ங்கிறாங்க. ஒரு வெள்ளக்கார பிரிகேடியர் கிட்ட இருந்து ஒரு தமிழ் பிரிகேடியர் இந்த நாட்டுப் படைய பொறுப்பெடுத்த நாள் ஒன்னு இருந்துச்சு, அத நம்ம பிள்ளைங்களுக்கு யாராச்சும் சொல்லிக் குடுக்கணும்.

ஆமின்னு சொன்னாலே நம்ம சனத்துல நெறைய பேருக்கு வேற நெனப்பு வரும்னு எனக்குத் தெரியும். செக் பொயின்ட்ல எறங்கி நின்னது, ஐடென்டிட்டி கார்ட் இல்லாம டவுனுக்குப் போகப் பயந்தது, கொழும்புல வேலை செஞ்ச மலையகப் பொடியங்கள ராத்திரில வந்து அள்ளிட்டுப் போனது, இதெல்லாம் எங்க வீடுகள்லயும் உள்ள கதை தான். அத மறக்கச் சொல்லி நான் இத எழுதல. அதனாலயே தான் எழுதுறேன். கையில ஆயுதம் வச்சிருக்கிற கூட்டத்துக்கு யாரு பொறுப்பு, எந்த நாள்ல இருந்து எந்த நாள் வரைக்கும் பொறுப்புங்கிறது எல்லாருக்கும் முன்னால, தேதியோட, கையெழுத்தோட இருக்கணும். அப்ப தான் நாளைக்கு ஒரு அநியாயம் நடந்தா "அன்னைக்கு யாரு பொறுப்புல இருந்தது"ன்னு கேக்க ஒரு பேரு இருக்கும். 1962 ஜனவரில இங்கயும் சில ஆபீசர்மார் சேந்து ஆட்சியப் புடிக்கப் பாத்து, நடக்காமப் போச்சு. அது நடந்திருந்தா யாரு யாருக்கு கட்டுப்படணும்ங்கிறதே கொழம்பிப் போயிருக்கும்.

இப்ப இங்க ஒரு படைப்பிரிவுக்கோ பயிற்சிப் பள்ளிக்கூடத்துக்கோ புது கமாண்டர் வந்தாருன்னா பெரும்பாலும் இப்பிடித் தான் நடக்கும். கேட்டுலயே காவல் படை வரவேற்கும், அணிவகுப்பு மரியாதை, அப்புறம் ஆபீசுக்குள்ள போயி புத்த பிக்குமார் பிரித்ங்கிற ஆசீர்வாத மந்திரம் ஓத, சுபநேரம் பாத்து பொறுப்பேற்குற பத்திரத்துல கையெழுத்து வைப்பாரு. பொறகு ஒரு மரக்கன்னு நடுவாரு, எல்லாரும் குரூப் போட்டோவுக்கு நிப்பாங்க, எல்லாத் தரத்து ஆளுங்களோடயும் உக்காந்து டீ குடிச்சிட்டு படைக்கு முன்னால பேசுவாரு. டீ குடிக்கிறது எனக்கு ரொம்பப் புடிச்ச இடம், சமையல் கட்டுல நிக்கிறவனும் அன்னைக்கு புது கமாண்டர் மூஞ்சிய கிட்டத்துல பாக்குறான். ஆனா கையெழுத்து வைக்கிறது நாலு சுவத்துக்குள்ள, ஆபீசர்மார் சுத்தி நிக்க நடக்குது பாருங்க, அது எனக்கு மனசுக்கு ஒட்டல. என்னக் கேட்டா அந்த மேசைய அப்படியே தூக்கி மைதானத்துல போடணும்ம்பேன். சுபநேரம் மைதானத்துக்கும் ஒன்னு தானே.

எனக்கு ஏன் இதுல இவ்வளவு அழுத்தம்னா, நான் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தவன். எங்க அம்மா பக்கம் முழுக்க கொழுந்து எடுத்தவங்க. தோட்டத்துல தொரை, அதான் மேனேஜர், மாறுறத பாத்திருக்கீங்களா? அங்கயும் வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்களம் இருக்கு, அங்கயும் காலைல வரிசையா நிக்கிறாங்க, பேர் கூப்புடுறாங்க, மேல ஒருத்தர் சொன்னா கீழ அத்தன பேரும் செய்யணும். ஆனா தொரை மாறுறது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பங்களாவுல லொறி நிக்கும், சாமான் ஏத்துவாங்க, ரெண்டு நாள் கழிச்சு வேற ஒரு ஜீப்பு மலைக்கு வரும், கங்காணி "புதுத் தொரை வாறாரு, பேசாம எடுங்க"ம்பாரு. அவ்வளவு தான் சடங்கு. போற தொரைக்கு ஸ்டாப்மார் கிளப்புல ஒரு பார்ட்டி வைப்பாங்க, மால போடுவாங்க, லயத்துல, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, உள்ளவங்களுக்கு அதோட பாட்டுச் சத்தம் தான் கேக்கும்.

தொரை மட்டுமா, தோட்டத்தோட சொந்தக்காரங்களே மாறுனாங்க. 1975ல வெள்ளக்காரக் கம்பனிகளோட தோட்டத்த அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல நிர்வாகத்த திரும்ப தனியார் கம்பனிகளுக்குக் குடுத்துச்சு. ரெண்டு தடவையும் பெரட்டுக்களத்துல நின்னவங்கள யாரும் கூப்புட்டு, இன்னைல இருந்து இவங்க தான் பொறுப்பு, உங்க வீட்டுக் கூரைக்கும் உங்க சேமலாப நிதிக்கும் இவங்கள கேளுங்கன்னு காட்டுனதா எங்க பெரியவங்க யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. சம்பளம் பதியிற செக்ரோல்ல மேல உள்ள பேரு மாறுனத பாத்து தான் தெரிஞ்சிக்கிட்டோம்ங்கிறாங்க.

அங்கயும் எண்ணிக்கை நடக்கும், அத சொல்லாம விடக்கூடாது. தொரை சார்ஜ் குடுக்கிறப்ப ஸ்டோர்ல உள்ள தேயிலை கிலோவுக்கு கணக்கு இருக்கும், உரம், மருந்து, கவாத்துக் கத்தி, ஸ்ப்ரே டேங்க் எல்லாத்துக்கும் புத்தகம் இருக்கும், ஒன்னு குறைஞ்சா கேப்பாங்க. ஆனா எங்க சித்திக்கு பழைய தொரை சொன்ன வார்த்தைக்கு புத்தகம் இல்ல. லயத்துல பின் காம்பரா கூரை ஒழுகுது, மழை முடிஞ்சதும் தகரம் தாறேன்னு அவரு பெரட்டுல வச்சே எல்லாருக்கும் முன்னால சொன்னாரு. மழை முடியிறதுக்குள்ள அவரு மாறிட்டாரு. சித்தி புதுத் தொரைகிட்ட போயி கேட்டப்ப அவரு கோவிக்கவெல்லாம் இல்ல, மரியாதையா தான் சொன்னாரு, "எனக்கு அப்படி ஒன்னும் எழுதித் தரலையே". அந்த மனுசன் மேலயும் தப்பு சொல்ல முடியாது, அவரு கையெழுத்து வச்ச தாள்ல சித்தியோட தகரம் இல்ல. பழைய தொரை பெரட்டுக்களத்துல வந்து நின்னு, புதுத் தொரைய பக்கத்துல நிறுத்தி, இவங்களுக்கு இது இது சொல்லியிருக்கேன், இனி உங்க பொறுப்புன்னு சொல்லியிருந்தா சித்தி மாதிரி இருநூறு பேர் சாட்சி. பேண்டும் வேணாம் கொடியும் வேணாம், பத்து நிமிசம் போதும். இத தோட்ட நிர்வாகத்துல இருக்கிற யாராச்சும் வாசிச்சா தயவு செஞ்சு யோசிங்க, இதுக்கு செலவே இல்ல.

கடைசியா போறவரப் பத்தியும் சொல்லணும், ஏன்னா எங்க ஊர்ல எல்லாரும் வாறவரப் பத்தியே பேசுறாங்க. அமெரிக்க ஆமில போற கமாண்டரோட மனைவிக்கு சிவப்பு ரோசாவும் வாற கமாண்டரோட மனைவிக்கு மஞ்சள் ரோசா மொட்டும் குடுக்கிற பழக்கம் இருக்கு, வீட்டுல இருந்தவங்களும் அந்த ரெண்டு வருசத்த தூக்கிச் சுமந்தாங்கன்னு அர்த்தம். போறவரு தான் நீளமா பேசலாம், எல்லாருக்கும் நன்றி சொல்லலாம். வாறவரு ரெண்டு மூணு வசனத்தோட நிறுத்திக்கணும், அன்னைக்கு நாள் அவரோடது இல்ல. அப்புறம் விருந்துக்கு போறவரு பெரும்பாலும் நிக்கவே மாட்டாரு, கை குடுக்கிற வரிசைல புதியவரும் அவரு குடும்பமும் மட்டும் தான். எனக்கு மொதல்ல இது கொஞ்சம் கல்நெஞ்சமா தெரிஞ்சுது. பொறகு யோசிச்சப்ப சரின்னு பட்டுச்சு, பழையவரு ஒரு மூலையில நின்னாருன்னா சிப்பாய்ங்க கண்ணு அங்க தான் போகும், புதியவரு ஒன்னு சொன்னா அவரு மூஞ்சியப் பாத்து சரியா தப்பான்னு தேடுவாங்க.

பிரிட்டிஷ் பழக்கம் உள்ள படைகள்ல, இந்தியாவுலயும் கூட, போற கமாண்டிங் ஆபீசர ஜீப்புல ஏத்தி, இஞ்சின ஸ்டார்ட் பண்ணாம, கயிறு கட்டி ஆபீசர்மாரே கையால கேட்டு வரைக்கும் இழுத்துட்டுப் போவாங்க, ரெண்டு பக்கமும் சிப்பாய்ங்க வரிசையா நின்னு கை தட்டுவாங்க. இத்தன நாள் அவரு சொல்ல இவங்க செஞ்சாங்க, அன்னைக்கு ஒரு நாள் அவருக்கு செய்ய வேண்டியது ஒன்னும் இல்ல, உக்காந்திருந்தா போதும்.

சார்ஜன் மாத்தயா ஒரு தடவை இப்பிடி ஒரு கர்னல வழி அனுப்பிட்டு கடைக்கு வந்தாரு, கண்ணு செவந்து போயிருந்துச்சு. பெரியப்பா டீய வச்சுட்டு, "புது ஐயா எப்பிடி மாத்தயா?"ன்னு கேட்டாரு. "இன்னும் தெரியாது மொதலாளி"ன்னாரு. "ஆனா கேட்டுல இருந்து நாங்க திரும்பி வாறதுக்குள்ள மனுசன் குசினிக்குப் போயி சோத்துப் பானைய தெறந்து பாத்துக்கிட்டு நிக்கிறாரு."